பேரேட்டில் ஏறாத கணக்கு

ஒரு வீட்டுக்குள் உங்களை அழைத்துப் போகிறேன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

காரைக்குடியைச் சுற்றியிருக்கும் ஊர்களில் ஒன்று. வீடு என் கற்பனைதான். ஆனால், அந்தப் பக்கம் உறவுக்காரர்கள் இருப்பவர்கள், 'அட, நம்ம வீடு மாதிரியே இருக்கே' என்பார்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஒரு காலத்தில் நாற்பது பேர் புழங்கிய வீட்டில் இன்று இரண்டே பேர். 82 வயது ஆச்சி, 58 வயது மருமகள். மகனுக்குச் சென்னையில் வியாபாரம். மாதம் ஒரு முறை வருவார். பணம் தவறாமல் வந்துவிடும்.

மாலை நாலு மணியானால் ஆச்சி முகப்புக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

"ரஜூலா வந்திருச்சாமா? அப்பச்சியை இன்னும் காணோமே..."

ரஜூலா ஒரு கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926 முதல் ஓடிய கப்பல். 1970-களின் தொடக்கத்தோடு அதன் கதை முடிந்துவிட்டது. அப்பச்சி, அதாவது ஆச்சியின் அப்பா, போய்ச் சேர்ந்தும் ஐம்பது வருடமாகிறது. ஆனால், ஆச்சிக்கு மட்டும் அவர் தினமும் சாயங்காலம் வருகிறார்!

பகலையாவது சமாளித்துவிடலாம். ராத்திரிதான் சோதனை. இரண்டு மணிக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். "இது யாரு வீடு? என்னைய எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ!" வளவைச் சுற்றி வரிசையாக ஒரே மாதிரி அறைகள், ஒரே மாதிரி கதவுகள். எது தன் அறை என்று ஆச்சிக்குத் தெரியவில்லை. முன்கதவைப் பூட்டினால் பின்கதவுக்குப் போகிறார். இரண்டு தெருவுக்கு வாசல் வைத்துக் கட்டிய பெருமை, இப்போது மருமகளுக்கு இரட்டைக் காவல்.

காலையில் மகள் போன் செய்வாள். ஆச்சி தெளிவாகச் சொல்வார்: "இவ எனக்குச் சோறே போடலை." மகள் அதை நம்புவாள். "ஆத்தாளைக் கொஞ்சம் நல்லாப் பாத்துக்கங்க" என்று ஒரு வரி. இட்லி ஊட்டிவிட்ட கையைக் கழுவிக்கொண்டே மருமகள் அதைக் கேட்டுக்கொள்வாள்.

ஆச்சிக்கு வந்திருப்பது டிமென்ஷியா. மறதி நோய். மருமகளுக்கு வந்திருப்பதற்கு என்ன பெயர்?

செட்டிநாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கணக்கு என்றால் அந்த மண்தான். நான் பி.காம். படித்தபோது முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கல்லூரிக்குப் போகாமலே தெரிந்த சங்கதி. பேரேடு, ஐந்தொகை எல்லாம் வீட்டில் புழங்கிய வார்த்தைகள். கல்யாணத்துக்கு வந்த மொய்க்கு ஏடு. பெண்ணுக்குக் கொடுத்த சீர் சாமானுக்குப் பட்டியல். ஒரு கரண்டிகூடத் தப்பாது!

ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்கப் போனார்கள். வட்டிக் கடையில் ஏஜென்ட் வேலை என்றால் பொதுவாக மூன்று வருடத் தவணை. தொழில் எப்படிக் கொழித்தது என்பதற்கு ஒரே ஒரு புள்ளிவிவரம். பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் இவர்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவிகிதம். உலகப் பொருளாதார மந்தத்தில் கடன்காரர்கள் நிலத்தை விட்டுவிட்டுப் போக, 1938-ல் அது 25 சதவிகிதம். மூன்றே வருடத்தில், 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். கணக்குப் புத்தகங்களோடு ஓடி வந்தார்கள்.

அந்த மூன்று மூன்று வருடங்கள் ஊரில் இருந்தது யார்? பெண்கள். வயலும் வீடும் விசேஷமும் அவர்கள் பொறுப்பு. படுத்த படுக்கையான மாமனார், நினைவு தப்பிய மாமியார்... அவர்களும்தான்.

'அப்போதெல்லாம் கூட்டுக் குடும்பம் சார்' என்று பெருமூச்சு விடுகிறோம். செட்டிநாட்டுக் கூட்டுக் குடும்பம் கொஞ்சம் வித்தியாசமானது. மகனுக்குக் கல்யாணமானால் அதே வீட்டுக்குள் 'வேறு வைத்து' விடுவார்கள். ஒரே கூரை, தனித்தனி அடுப்பு, தனித்தனி கணக்கு. மாமியார் உலையில் மாமியார் அரிசி, மருமகள் உலையில் மருமகள் அரிசி. மாமியார் விழுந்துவிட்டால் மட்டும் இரண்டு அடுப்பும் ஒன்றாகிவிடும். அந்த ஒன்றான அடுப்புக்கு எந்த ஏட்டிலும் பக்கம் ஒதுக்கவில்லை.

செட்டிநாட்டை மட்டும் குறை சொல்வானேன்? இந்த நோயின் உலக வரலாறும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

1901, நவம்பர் 25. ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகர மனநோய் மருத்துவமனைக்கு 51 வயது அகுஸ்ட் என்ற பெண்மணி வருகிறார். டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர் விசாரிக்கிறார். பெயர்? "அகுஸ்ட்." குடும்பப் பெயர்? "அகுஸ்ட்." கணவர் பெயர்? "அகுஸ்ட் என்றுதான் நினைக்கிறேன்." மதியம் அவர் தட்டில் பன்றி இறைச்சியும் காலிஃப்ளவரும். என்ன சாப்பிடுகிறீர்கள்? "கீரை."

1906 ஏப்ரலில் அகுஸ்ட் இறந்தார். அவரது மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்த அல்ஸைமர், அதில் புதுவிதமான படிவுகளையும் முடிச்சுகளையும் கண்டார். அதே ஆண்டு நவம்பர் 3-ம் தேதி ட்யூபிங்கன் நகரில் டாக்டர்கள் கூட்டத்தில் விளக்கினார். சபையில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை! 1910-ல் கிரேப்ளின் என்ற பெரிய டாக்டர் தன் பாடப் புத்தகத்தில் 'அல்ஸைமர் நோய்' என்று பெயர் சூட்டினார். அகுஸ்டின் கேஸ் ஃபைல் தொலைந்துபோய், 1995-ல்தான் மறுபடி கிடைத்தது.

அகுஸ்டுக்கு முதலில் தெரிந்த அறிகுறி என்ன தெரியுமா? மறதி அல்ல. கணவர் மேல் சந்தேகம். அவருக்கு வேறு பெண்ணோடு தொடர்பு என்று நம்பினார். நம் ஆச்சி 'சோறே போடலை' என்கிறாரே, அதே கதை. யார் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார்களோ அவர்கள் மேல்தான் முதல் பழி விழுகிறது. அந்த ரயில்வே குமாஸ்தா கணவர் அத்தனை காலம் வீட்டில் என்ன பாடுபட்டார் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

நம் நாட்டில் இதை ரொம்ப காலம் நோய் என்றே நினைக்கவில்லை. கேரளத்தில் 'சின்னன்' என்பார்கள், குழந்தைத்தனம் என்ற அர்த்தத்தில். வடக்கே 'அறுபது ஆயிடுச்சு' என்ற பொருளில் ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் 'அறளை பேந்திட்டுது'. நம்மூரில் ஒரே வாக்கியம்: 'வயசானா அப்படித்தான்.'

1992-ல் கேரளத்தில் அல்ஸைமர் நோயாளிகளின் குடும்பங்களுக்காக ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற சங்கம் பிறந்தது. 1998-ல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் '10/66' என்று வினோதப் பெயரில் ஒரு குழு அமைத்தார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவிகிதம் பேர் ஏழை, வளரும் நாடுகளில். அவர்களைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சியோ 10 சதவிகிதத்துக்கும் குறைவு. அதுதான் பெயர்க் காரணம். சென்னையிலும் வேலூர் பக்கத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போனார்கள். மேல்நாட்டுப் பரீட்சைகள் பள்ளிக்கூடம் போகாத பாட்டிகளை அநியாயமாக ஃபெயிலாக்கின என்பதால், படிக்காதவர்களுக்கும் பொருந்துகிற பரீட்சை தயாரித்தார்கள். முக்கியமாக இன்னொன்றும் செய்தார்கள். நோயாளியோடு நிறுத்தாமல், பக்கத்தில் நின்ற மருமகளையும் மனைவியையும் மகளையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?'

இப்போது ஐந்தொகையைப் பார்ப்போமா?

2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு டிமென்ஷியா. சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில், இந்த நோயால் உலகத்துக்கு ஆன செலவு 1,30,000 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி, குடும்பத்தினர் சம்பளமில்லாமல் பார்த்த வேலையின் மதிப்பு! அவர்கள் சராசரியாகத் தினமும் 5 மணி நேரம் செலவிடுகிறார்கள். மொத்தப் பராமரிப்பு நேரத்தில் 70 சதவிகிதம் பெண்களுடையது.

5 மணி நேரத்தை 365-ஆல் பெருக்குங்கள். 1,825 மணி. எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 228 நாள். ஓர் ஆபீஸ் ஊழியரின் வருடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். லீவு இல்லை, போனஸ் இல்லை, 'சோறே போடலை' என்ற பட்டம் மட்டும் உண்டு.

இந்தப் பாரம் குறையுமா? குறையும் என்று கோவாவில் நிரூபித்தார்கள். 81 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் வீட்டுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறு மாதம் போய்வந்தார்கள். டாக்டர்கள் அல்ல. நோய் என்ன என்று விளக்கினார்கள், ராத்திரி எழுந்து நடந்தால் எப்படிச் சமாளிப்பது என்று சொன்னார்கள், பென்ஷன் திட்டங்களுக்கு வழிகாட்டினார்கள், குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார்கள். 2008-ல் முடிவு வெளியானது. பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தேறியிருந்தது. இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், பாருங்கள்.

உங்களுக்காகவும் ஒரு வரி. 2024-ல் லான்செட் குழு சொன்னது: உலகில் டிமென்ஷியாவில் 45 சதவிகிதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை, நடையில்லாத உடம்பு எல்லாம் நீங்கள் எதிர்பார்த்தவைதான். நாம் கண்டுகொள்ளாமல் விடும் மூன்று உண்டு. கேட்காத காது, புரை விழுந்த கண், பேச ஆளில்லாத தனிமை. நாற்பது பேர் இருந்த வீட்டில் ஒற்றையாக இருக்கும் உங்கள் அப்பத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறதி தென்பட்டால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தைராய்டு, பி-12 குறைவு, மனச்சோர்வு இவையும் இதே வேஷத்தில் வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. முதியோருக்கான உதவி எண் 14567-ஐக் குறித்து வையுங்கள்.

நம் ஆச்சி வீட்டுக்குத் திரும்புவோம். மணி நாலு. முதலில் எல்லாம் மருமகள், "உங்க அப்பச்சி செத்து அம்பது வருசமாச்சு அத்தை" என்று உண்மையைச் சொல்லிவந்தாள். ஒவ்வொரு நாளும் ஆச்சிக்கு அது புதுச் சாவாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அழுகை. இப்போது சொல்வதில்லை. "அப்பச்சி பினாங்குலேர்ந்து உங்களுக்கு என்ன அத்தை கொண்டாருவாக?" என்று கேட்கிறாள். ஆச்சி சொல்லத் தொடங்குகிறார். காபி இறங்குகிறது. இதைக் கண்டுபிடிக்க மருமகளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. யாராவது முதல் மாதமே சொல்லியிருக்கலாம்.

வெளியூரிலிருந்து பணம் அனுப்பும் மகன்களே, போனில் விசாரிக்கும் மகள்களே... அடுத்த முறை, 'அம்மா எப்படி இருக்காங்க?' என்று கேட்டதோடு வைத்துவிடாதீர்கள். 'நீ நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினே?' என்றும் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு, பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போங்கள். அந்தப் பத்து நாளும் தாழ்ப்பாள் சத்தத்துக்கு நீங்கள் எழுந்திருங்கள்.