சிறு நிறுவனங்களில் பணியாளர் உடல்நலம்: குறைந்த செலவில் பெறக்கூடிய உதவிகள்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், காசநோய் போன்ற நோய்களுக்குச் சிகிச்சை பெறுவோரில் பலர் தையல் கூடம், அச்சகம், பட்டறை, கடை, உணவகம் போன்ற சிறிய பணியிடங்களில் வேலை செய்கின்றனர். அங்கு மருத்துவ அறையோ நல அலுவலரோ இருப்பதில்லை. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் நோயை மறைத்து, மாத்திரைகளைத் தவறவிடுவோரும் உண்டு. ஆனால், அவர்களுக்குப் பணியிடத்தில் தேவைப்படுபவற்றுள் பெரும்பகுதி பணம் சார்ந்தது அன்று. நேரமும் ஏற்பாடும் சார்ந்தது. தமிழ்நாட்டில் பணிபுரியும் நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ நிறுவன உரிமையாளரிடம் எவற்றைக் கேட்கலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

உணவு நேரமும் மாத்திரை நேரமும்

இன்சுலின் அல்லது சிலவகை நீரிழிவு மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர், உணவைத் தள்ளிப்போட்டால் இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கக்கூடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், பேச்சுக் குழறல் ஆகியவை இதன் அறிகுறிகள். வெட்டும் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு இது நேர்ந்தால் விபத்தில் முடியலாம். அவசர ஆர்டர் வந்த நாள்களில்தான் மதிய உணவு மூன்று மணிக்குத் தள்ளிப்போகிறது என்பதால், அத்தகைய நாள்களிலும் உங்களுக்கு மட்டும் உணவு நேரம் மாறாதிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அருகில் வேலை செய்யும் இருவருக்கேனும் முதலுதவி தெரிந்திருப்பது அவசியம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்கள் கழித்தும் அறிகுறிகள் நீங்காவிட்டால் மீண்டும் ஒருமுறை கொடுக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் 108 எண்ணை அழைக்க வேண்டும். ஒரு டப்பா சர்க்கரைதான் இதற்கான செலவு.

பயன்பாட்டில் உள்ள இன்சுலினில் பெரும்பாலான வகைகளை 30 டிகிரி செல்சியஸுக்கு மிகாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வைத்திருக்கலாம். தகரக் கூரையின் கீழ் இயங்கும் பட்டறையில் கோடைக்காலத்தில் அந்த வெப்பநிலை எளிதில் மீறப்படும். குளிர்சாதனப் பெட்டி இல்லாவிடில், ஈர மணல் பரப்பிய மண்பானையை நிழலில் வைத்து, மருந்து நனையாதவாறு உறையிலிட்டு அதனுள் வைக்கலாம். மருந்து உறையக்கூடாது, ஆகவே பனிக்கட்டியோடு நேரடியாக வைக்காதீர்கள்.

மாலைத் தேநீர் குறித்தும் ஒன்று கூற வேண்டும். கடையிலிருந்து மொத்தமாக வரும் தேநீரில் சர்க்கரை முன்பே கலந்திருக்கும். சர்க்கரையைத் தனியே வாங்கி வைத்தால் நிறுவனத்துக்குக் கூடுதல் செலவில்லை. நாள்தோறும் இருமுறை அருந்துவோருக்கு இது சிறிய மாற்றமன்று.

தண்ணீர், கழிப்பறை, இருக்கை

கழிப்பறை தூய்மையாக இல்லாத இடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். இதனால் சிறுநீர்ப் பாதைத் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரை அதிகரிக்கும் மாத்திரை பெறுவோர், வேலை நாள்களில் அதை நிறுத்திவிடுவதும் உண்டு. அவ்வாறு நிறுத்தாமல், நேரத்தை மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தாழ்ப்பாளுள்ள கதவும், வாளித் தண்ணீரும், அனுமதி கேட்காமல் சென்றுவரும் உரிமையும் பெரும் முதலீடுகள் அல்ல.

கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் நின்றே பணிபுரிவோருக்கு இருக்கை வசதி அளிக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் செய்துள்ளது. கால் நரம்புச் சுருட்டல், மூட்டுவலி உள்ளோர் இதைச் சலுகையாகக் கருதத் தேவையில்லை.

பரிசோதனைக்கான நேரம்

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், அதைப் பெறச் செல்லும் நாளின் கூலி போய்விடுகிறது. மருந்து தடைபட இதுவும் ஒரு காரணம். மாதம் ஒருமுறை ஊதியப் பிடித்தமின்றி அரை நாள் அனுமதி கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2024இல் பணியிடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தை உரிமையாளர் அணுகி, பணியிடத்திலேயே பரிசோதனை நடத்த வாய்ப்புள்ளதா எனக் கேட்கலாம். பதாகை கட்டி ஒரே ஒரு நாள் நடத்தப்படும் முகாமால் பயன் குறைவு. அன்று அழுத்தம் அதிகமெனக் கண்டறியப்பட்டவர் அடுத்த மாதம் மருத்துவரைப் பார்த்தாரா என்பதை யாரேனும் கவனிக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. காப்பீடு

10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் இத்திட்டத்தின் கீழ் வருகின்றன. இதற்கான மாத ஊதிய வரம்பு 2017இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதப்படி உரிமையாளர் 3.25 சதவீதமும் பணியாளர் 0.75 சதவீதமும் செலுத்துகின்றனர். 15,000 ரூபாய் ஊதியத்துக்கு உங்கள் பங்கு ஏறத்தாழ 113 ரூபாய், உரிமையாளரின் பங்கு 488 ரூபாய். உங்களைச் சார்ந்துள்ள குடும்பத்தினருக்கும் சிகிச்சை கிடைக்கும். உரிய பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருந்தால், நோய்வாய்ப்பட்டு விடுப்பில் இருக்கையில் ஊதியத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை வழங்கப்படும். காசநோய், புற்றுநோய் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு இதைவிட நீண்ட கால உதவி உண்டு. ஊதியச் சீட்டில் பிடித்தம் காணப்பட்டால், அது உங்கள் காப்பீட்டு எண்ணில் செலுத்தப்படுகிறதா என்றும் சரிபாருங்கள்.

பத்துப் பேருக்கும் குறைவானோர் உள்ள இடத்தில் பணிபுரிந்தால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம்.

நோயைத் தெரிவிப்பது எவ்வாறு?

நோயின் பெயரைச் சொல்லாமலே உதவி கேட்க இயலும். “பகல் ஒரு மணிக்குள் உணவு உட்கொள்ள வேண்டும்”, “பத்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது” என்பன போன்ற தேவைகளை மட்டும் குறிப்பிடும் சான்றை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

காசநோயில் மட்டும் நிலைமை வேறு. உடன் பணிபுரிவோருக்கும் பரிசோதனை தேவைப்படலாம் என்பதால், யாரிடம், எப்போது தெரிவிப்பது என்பதைச் சிகிச்சை அளிக்கும் மையத்தினருடன் கலந்து முடிவு செய்யுங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதங்கள். முறையாக மருந்து உட்கொள்ளத் தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மருத்துவர் அனுமதித்த பின் பணிக்குத் திரும்புவதில் தடையில்லை என்பதை உரிமையாளருக்கு விளக்க, மையத்தின் பணியாளர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். வரவில்லையெனில் அதே மையத்தில் கேளுங்கள்.

உடல்நல ஆலோசனைக்கு 104 எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.