நின்ற வண்டியும் நிற்காத எஞ்சினும்

அந்திப் பொழுது. ஜூரோங் தொழிற்பேட்டையில் பகல்முறை வேலை முடிந்து ஆலைகளின் வாயில்கள் திறக்கின்றன. சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிய, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் நிற்கும் புதிய காரின் எஞ்சின், சக்கரம் நின்ற மறுகணமே தானாக அடங்கிவிடுகிறது. அதன் பின்னால் நிற்கும் பழைய லாரியோ நின்ற இடத்திலேயே குலுங்கிப் புகை கக்கிக்கொண்டிருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. காரோட்டி பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அடங்கிய எஞ்சின் மீண்டும் உயிர் பெறுகிறது.

இந்த ஒரு நிமிட அமைதிக்குப் பின்னே அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. எண்ணெய் நெருக்கடியும், அரசுகளின் சட்டங்களும், பொறியியலாரின் உழைப்பும் சேர்ந்து அந்த அமைதியை உண்டாக்கின. அந்த அமைதி காருக்கு வாய்த்து லாரிக்கு வாய்க்காமற் போனது ஏன் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

ஊற்றில்லா நாட்டில் எண்ணெய் நகரம்

சிங்கப்பூர் மண்ணில் எண்ணெய் ஊற்று ஒன்றேனும் இல்லை. ஆயினும், உலகின் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு மையங்களுள் ஒன்றாக அந்நாடு வளர்ந்தது. 1961ஆம் ஆண்டில் புக்கோம் தீவில் ஷெல் நிறுவனத்தின் சுத்திகரிப்பாலை இயங்கத் தொடங்கிற்று. அதே ஆண்டில் தோன்றிய பொருளியல் வளர்ச்சிக் கழகம், நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் முனைப்பால், சதுப்பும் புதருமாய்க் கிடந்த ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கும் பணியை மேற்கொண்டது. நடவாத காரியம் என்று கருதியோர் அதனைக் ‘கோவின் மடமை’ என்று எள்ளினர். மடமை எனப்பட்டது மாநகரானது. 1966இல் மோபில் நிறுவனத்தின் சுத்திகரிப்பாலை ஜூரோங்கில் அமைந்தது. 1968 ஜூன் முதல் நாள் ஜூரோங் நகராண்மைக் கழகம் பிறந்தது. பின்னாளில் தென்கடலின் ஏழு தீவுகளைக் கடல் தூர்த்து ஒன்றாக்கிய ஜூரோங் தீவு, 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

பிறர் எண்ணெயைத் தூய்மை செய்து விற்கும் இந்நாடு, தான் எரிக்கும் ஒவ்வொரு துளியையும் விலை கொடுத்தே வாங்கவேண்டும். வரவு சிறிதாயினும் செலவு பெருகாதவரை கேடில்லை என்ற வள்ளுவர் கருத்து, ஒரு குடும்பத்துக்குப் பொருந்துவது போலவே இத்தகைய நாட்டுக்கும் பொருந்தும்.

நெருக்கடி காட்டிய இரு வழிகள்

1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெயைக் கட்டுப்படுத்தின. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 அமெரிக்க டாலராக இருந்த விலை, 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கிற்று. எண்ணெய் மலிவு என்ற எண்ணத்தில் கட்டப்பெற்ற கார் உலகம் கலங்கியது.

கார் செய்யும் நாடுகள் காரையே திருத்த முனைந்தன. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1970களின் நடுவில் தன் கிரவுன் காரில் ஒரு புதுமையைப் புகுத்தியது. கார் நின்ற ஒன்றரை வினாடியில் எஞ்சின் தானே அடங்கும். தோக்கியோ நெரிசலில் நடத்திய சோதனையில் பத்து விழுக்காடு எரிபொருள் மிச்சமானதாகக் கண்டனர். அமெரிக்கா 1975 டிசம்பரில் எரிசக்திச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் யாவும் சராசரியாக, 1978இல் காலனுக்கு 18 மைலும் 1985இல் 27.5 மைலும் ஓடவேண்டும் என்று அது வரையறுத்தது. 1980களில் ஐரோப்பாவின் ஃபியட், வோல்க்ஸ்வேகன் நிறுவனங்களும் தாமே அடங்கும் எஞ்சின்களை விற்றுப் பார்த்தன. வாங்குவோர் சிலரே. 1986இல் எண்ணெய் விலை சரிந்தபோது சிக்கன ஆர்வமும் சரிந்தது. கருவி அன்றே இருந்தது. அதனை வேண்டும் என்று சொல்லும் விதிதான் இல்லை.

சிங்கப்பூர் சென்ற வழி வேறு. புக்கித் தீமாவில் 1941இல் எழுந்த ஃபோர்டு ஆலை உட்பட, இங்கிருந்தவை பிற நாட்டு உறுப்புகளைக் கொண்டு கார்களைப் பூட்டும் ஆலைகளே. ஃபோர்டு ஆலையும் 1980இல் மூடப்பட்டது. காரை வடிவமைப்பவனுக்குக் கட்டளையிட இயலாத நாடு, காரை வைத்திருப்பவனுக்குக் கட்டளையிட்டது. 1975 ஜூன் 2ஆம் நாள் நகரின் மையப் பகுதிக்குள் காலை வேளையில் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளிக் கட்டணம் விதிக்கப்பட்டது. நால்வர் சேர்ந்து வரும் காருக்குக் கட்டணம் இல்லை. 1990இல் வாகன உரிமைச் சான்றிதழும் 1998இல் மின்னியல் சாலைக் கட்டணமும் வந்தன. இவற்றின் முதல் நோக்கம் நெரிசலைக் குறைப்பது. எனினும், நெரிசல் குறைந்தால் நின்றபடி எரியும் எண்ணெயும் குறையும் அன்றோ?

கைக்கு இட்ட கட்டளை

நிற்கும் வண்டியின் எஞ்சினை நேராகவே குறிவைத்த விதியும் ஒன்று உண்டு. போக்குவரத்துக் காரணத்தாலன்றி நிறுத்தி வைத்திருக்கும் வாகனத்தின் எஞ்சினை ஓடவிடுதல், சிங்கப்பூரின் சுற்றுப்புறப் பாதுகாப்பு விதிகளின்படி அபராதத்திற்குரிய குற்றம். தேசியச் சுற்றுப்புற வாரியம் இதனைக் கண்காணித்து வருகிறது. நிற்கும் பெட்ரோல் கார் மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வீணே எரிக்கும். பெரிய லாரி இன்னும் கூடுதலாக எரிக்கும். அப்புகை, அருகில் நிற்பவன் மூச்சிலேயே கலக்கிறது. ஆகவே விதி நியாயமானதே.

ஆயினும், அவ்விதி யார் கையைப் பிடிக்கிறது என்று காணவேண்டும். நில நடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை தொலைவே உள்ள ஊர் இது. நண்பகல் வெயிலில் ஜூரோங்கின் கிடங்கு வாயில்களில் சரக்கு இறக்க முறை பார்த்துக் காத்திருக்கும் லாரி ஓட்டுநர்கள் பலர். அவர்களுள் தமிழகத்திலிருந்து பிழைக்க வந்தோரும் உளர். எஞ்சினை நிறுத்தினால் குளிர்சாதனமும் நிற்கும். இரும்புக் கூண்டு அடுப்பாகும். எஞ்சினை ஓடவிட்டால் அபராதம். இரண்டுக்கும் நடுவே நிற்பவன், காத்திருக்கும் நேரத்தைத் தானே தீர்மானிக்க இயலாத கூலிக்காரன்.

பணப்பைக்கு இட்ட விதி

காரைப் பொறுத்தவரை சட்டம் வேறு மொழியில் பேசிற்று. 2009 ஏப்ரல் முதல், விற்பனைக்கு வைக்கும் கார்களில் எரிபொருள் செலவைக் காட்டும் முத்திரைச் சீட்டு கட்டாயமாயிற்று. 2013 ஜனவரியில் கரிம வெளியீட்டை அளவுகோலாகக் கொண்ட திட்டம் நடப்புக்கு வந்தது. கிலோமீட்டருக்கு 160 கிராம் அல்லது அதற்குக் குறைவாகக் கரியமில வாயு வெளியிடும் கார்களுக்கு 5,000 முதல் 20,000 வெள்ளி வரை கழிவு. அவ்வாண்டு ஜூலை முதல் 211 கிராமும் அதற்கு மேலும் வெளியிடுவனவற்றுக்குக் கூடுதல் வரி.

இதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இயற்றிய சட்டம், 2015க்குள் புதிய கார்களின் சராசரி வெளியீடு 130 கிராமுக்குள் அடங்கவேண்டும் என்றது. அன்றைய ஐரோப்பியச் சோதனை 1,180 வினாடி நீளும். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நேரம் கார் நின்றபடியே இருக்கும். அந்நேரத்தில் எஞ்சின் அடங்கினால் ஏட்டில் பதிவாகும் கிராம் குறையும். இருபது ஆண்டு உறங்கிய கருவியை இந்தக் கணக்கே தட்டியெழுப்பிற்று. வலிய ஸ்டார்ட்டரும் அடிக்கடி இயக்குவதைத் தாங்கும் பேட்டரியும் பொருத்தி, நிறுவனம்தோறும் இவ்வமைப்பைக் கார்களில் சேர்த்தன.

ஏட்டுக் கணக்கு வேறு, வெயில் வேறு. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் குளிர்சாதனத்தின் அமுக்கியை எஞ்சினே வார்கொண்டு சுழற்றுகிறது. எஞ்சின் நின்றால் குளிரும் நிற்கும். சற்று நேரத்தில் உள்ளே வெம்மை ஏற, கருவி எஞ்சினைத் தானே மீண்டும் கிளப்பிவிடும். அதற்கும் பொறாத காரோட்டி, கருவியை அணைக்கும் பொத்தானை அழுத்திவிடுகிறார். ஐரோப்பியக் குளிரில் எண்ணிய சிக்கனம், ஜூரோங் வெயிலில் பாதி கரைகிறது. மின்சாரத்தாலேயே குளிர்சாதனத்தை ஓட்டும் கலப்பின வண்டிகள்தாம் இக்குறையை நீக்கின.

நீதியும் நிழலும்

2018 ஜனவரியில் கரிமத் திட்டத்தின் இடத்தில் விரிவான புதிய திட்டம் வந்தது. கரியமில வாயுவோடு வேறு நான்கு மாசுகளும் அளக்கப்பட்டு, அவற்றுள் எது மிக மோசமோ அதனை வைத்தே கார் தரம் பிரிக்கப்பட்டது. இலகுரகச் சரக்கு வண்டிகளுக்கு இத்தகைய கழிவும் வரியும் வந்தது 2021 ஏப்ரலில்தான். கார் வாங்குவோனுக்குக் கழிவு கிடைத்து எட்டு ஆண்டு கழிந்த பின்னரே வேன் வாங்குவோனுக்கு அது கிட்டிற்று. கனரக லாரிகள் அதிலும் சேரவில்லை.

2023 நவம்பரில் ஹியுண்டாய் நிறுவனத்தின் புத்தாக்க மையம் ஜூரோங்கில் திறக்கப்பட்டது. ஃபோர்டு ஆலை மூடி நாற்பத்து மூன்று ஆண்டுகள் சென்றபின் அங்கு உருவான கார்கள் மின்கார்கள். நிற்கும்போது அடக்குவதற்கு அவற்றில் எஞ்சினே இல்லை. 2025 முதல் புதிய டீசல் கார்களும் டாக்சிகளும் பதிவு செய்யப்படுவதில்லை. 2040க்குள் எண்ணெய் எஞ்சின் வண்டிகளைச் சாலையிலிருந்து நீக்குவது அரசின் இலக்கு. தானே அடங்கும் எஞ்சினும் அன்று அருங்காட்சியகப் பொருளாகிவிடும்.

அதுவரை அந்தச் சாலைச் சந்திப்பில் காரும் லாரியும் அடுத்தடுத்து நிற்கும். சிக்கனம் நாட்டுக்கு இன்றியமையாதது என்பதை இந்த வரலாறு ஐயமற நிறுவுகிறது. ஆனால், வசதி உடையவனிடம் அது கழிவாகவும் வசதி அற்றவனிடம் அபராதமாகவும் சென்று சேருமாயின், அச்சிக்கனம் முழுமை பெறாது. கிடங்கு வாயிலில் காத்திருக்கும் ஓட்டுநர் இறங்கி அமர ஒரு நிழற்கூடமும், வெயிலில் வரிசை நிற்காதபடி முறையாகக் குறித்துத் தரும் நேரமும் இருந்தால், எந்தக் கருவியும் இல்லாத பழைய லாரியின் எஞ்சினும் அடங்கும். சாவியைத் திருப்ப அவர் கை மறுக்கப்போவதில்லை.