கன்னிமார் கிணறு

கூலிம் பக்கம் என் பாட்டி பால்மரம் சீவிய தோட்டத்தில் இன்று தாமான் வீடுகள் நிற்கின்றன. மாரியம்மன் கோயிலுக்கு வேறு நிலம் கிடைத்தது. கிணற்றை மண்போட்டு மூடிவிட்டார்கள். நான் சிவில் பொறியாளன். எங்கள் வரைபடங்களில் பழைய கிணறு என்பது ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் 'மூடுக' என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான்.

பாட்டிக்கு அப்படியில்லை. கிணற்றடியில் மஞ்சள் பூசிய ஏழு கல் இருந்ததாம். கன்னிமார். "புள்ள பெத்தவ தீட்டுக் கழிஞ்சி மொத தடவ தண்ணி சேந்தப் போறப்போ, வெத்தல பாக்கு வெச்சிக் கும்புட்டுத்தான் வாளிய எறக்குவா" என்பார். திருவிழாவுக்குக் கரகம் ஜோடித்ததும் அங்கேதான். ஆண்டுதோறும் அம்மன் அந்தத் தண்ணீரிலிருந்துதான் கோயிலுக்கு வந்தாள்.

தமிழ்நாட்டிலும் கன்னிமார் ஏரிக்கரை, ஆற்றங்கரை, கிணற்றடி என்று நீரோரமாகவே இருப்பவர்கள். சிலை வேண்டாம், ஏழு கல் போதும். 1909இல் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியபின் ரப்பர் தோட்டங்கள் பெருகின. கப்பலேறி வந்தவர்கள் கோயிலைத் தூக்கிவர முடியாது. கல் எங்கேயும் கிடைக்கும்.

இதே கெடாவில், லங்காவியின் மாட் சின்சாங் மலைச்சரிவில், தெலாகா துஜோ இருக்கிறது. ஏழு கிணறு என்று பொருள். அருவி பாறையில் குடைந்த ஏழு குளங்கள். தேவதைகள் அங்கே குளிக்க வருவார்கள் என்பது மலாய்க்காரர்களின் கதை. தலைக்குத் தேய்க்கச் சிந்தோக் கொடியும் எலுமிச்சையும் அவர்களுக்கு அங்கேயே விளையுமாம். பாட்டியிடம் சொன்னேன். "அங்கயும் ஏழா?" என்று மட்டும் கேட்டார்.

அயர்லாந்தில் ஏறக்குறைய 3,000 புனிதக் கிணறுகள் உண்டு. வலமாகச் சுற்றுகிறார்கள், பக்கத்து மரத்தில் துணி கட்டுகிறார்கள். துணி மட்க மட்க நோயும் போய்விடும் என்பது நம்பிக்கை. கிணற்றில் யாராவது அழுக்குத் துணி துவைத்தால், அது கோபித்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வேறிடம் போய்விடும் என்றும் கதை இருக்கிறது.

இந்த மாதிரிக் கதைகள் நிறைய நமக்குக் கிடைக்கக் காரணம் பள்ளிப் பிள்ளைகள். 1937 முதல் 1939 வரை அங்கே தொடக்கப்பள்ளி மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதினார்கள். எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த அப்பாவிடம் யாரும் அப்படி எழுதிவரச் சொல்லவில்லை.

புதுக் கோயிலில் இப்போது பைப்படியில் கரகம் ஜோடிக்கிறார்கள். அதில் தப்பில்லை, அம்மன் வந்துவிடுவாள். ஆனால் மண் கொட்டுமுன் ஏழு கல்லை எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. இடம் மாற்றும் பட்டியலில் கோயில் இருந்தது, கிணறு இல்லை. உங்கள் தோட்டத்தில் கரகம் எங்கே ஜோடித்தார்கள் என்று பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். நம் கிணறு கோபித்துக்கொண்டு எங்கேயும் போகாது. மண்ணுக்கடியில் அப்படியே கிடக்கும்.