முதுகலைக்குச் செல்லாத இருவர்

பௌதிகத்தில் இளங்கலை முடித்தவன் அடுத்து முதுகலைக்குச் செல்வதே முறையென நாம் எண்ணுகிறோம். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பயின்ற இருவரின் வரலாறு அவ்வெண்ணத்தைச் சற்றே அசைக்கிறது.

1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883இல் திருச்சிக்குப் பெயர்ந்த கல்லூரி அது. 1950இல் இராமேசுவரத்திலிருந்து வந்து அதில் சேர்ந்தார் அப்துல் கலாம். (நம் ஜமால் முகம்மது கல்லூரி பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.) காவிரிக்கு அக்கரையான திருவரங்கத்து இளைஞர் ரங்கராஜன், பின்னாளில் எழுத்தாளர் சுஜாதா எனப் புகழ் பெற்றவர், பௌதிக வகுப்பில் அவருக்குத் தோழரானார்.

சின்னதுரை, கிருஷ்ணமூர்த்தி என்னும் ஆசிரியர்கள் அணுவின் உட்கூறுகளையும், கதிரியக்கப் பொருள் சிதைந்து பாதியாகும் காலக் கணக்கையும் கற்பித்ததைக் கலாம் தம் நூலில் நினைவுகூர்கிறார். ஆயினும், பௌதிகம் தமக்குரிய துறையன்று என்பதை 1954இல் பட்டம் பெற்ற பின்னரே அவர் உணர்ந்தாராம்! நான்காண்டுகள் வீணாயினவா? இல்லை என்பதே நம் கருத்து. குரோம்பேட்டையில் 1949இல் நிறுவப்பெற்ற சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பௌதிகப் பட்டத்தைக் கொண்டே இருவரும் அங்கு நுழைந்தனர். கலாம் விமானப் பொறியியலுக்கு, ரங்கராஜன் மின்னணுவியலுக்கு.

கலாமின் சேர்க்கைக்கு ஏறத்தாழ 1000 ரூபாய் தேவைப்பட்டது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. தமக்கையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அவற்றைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்பதென அத்தம்பி உறுதி பூண்டார். நன்கு படித்து உதவித்தொகை பெறுவதொன்றே அன்று அவர் கண்ட வழி.