விருந்தினர், வீரர், ஏதிலியர்: ஸ்காட்லாந்தில் போலந்துப் படையினரும் மொழித்தொடர்பும் (1940-1949)

1. முன்னுரை

போர்க்கால வரலாறு பெரும்பாலும் போர்முனைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தாயகம் இழந்த படை ஒன்று பல ஆண்டுகள் அயல்நாட்டு ஊர்களில் தங்கி, அவ்வூர் மக்களோடு பழகியதன் வரலாறு அடிக்குறிப்பு அளவிலேயே நின்றுவிடுவதுண்டு. மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்வடிக்குறிப்பே முதன்மையானது. இரண்டாம் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படையினர் இதற்குத் தக்க சான்றாவர். அவர்களுக்கு வழங்கப்பட்ட பெயர்களும் அவர்களைக் குறித்த சொற்களும் காலந்தோறும் மாறின. அம்மாற்றங்கள் அவர்களின் வாழ்வுரிமையோடு எவ்வாறு பிணைந்திருந்தன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வரலாற்றுப் பின்புலம்

1939 செப்டம்பர் 1ஆம் நாள் ஜெர்மனி மேற்கிலிருந்து போலந்தைத் தாக்கியது. அதே மாதம் 17ஆம் நாள் சோவியத் ஒன்றியம் கிழக்கிலிருந்து நுழைந்தது. நாட்டை விட்டு வெளியேறிய போலந்து அரசு பிரான்சில் நிலைகொண்டது. தளபதி சிகோர்ஸ்கியின் தலைமையில் அங்கு ஒரு புதிய படை திரட்டப்பட்டது. 1940 ஜூனில் பிரான்சும் வீழ்ந்தபோது, அப்படையில் ஏறத்தாழ 20,000 பேர் கடல் வழியாகப் பிரிட்டனை அடைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டனர்.

முதலில் அவர்கள் தங்கியது பிக்கர், டக்ளஸ் முதலிய தென்பகுதிச் சிற்றூர்களைச் சுற்றி அமைக்கப்பட்ட கூடார முகாம்களில் ஆகும். அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் முதலாம் போலந்துப் படைப்பிரிவு உருவாக்கப்பட்டு, ஃபைஃப், ஆங்கஸ் ஆகிய கிழக்குக் கடற்கரைப் பகுதிகளின் காவல் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. டென்ட்ஸ்மியூர் கடற்கரையில் பீரங்கி வண்டிகளைத் தடுப்பதற்காக நிறுவப்பட்ட கற்காரைக் கட்டைகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. 1942இல் தளபதி மாச்செக்கின் தலைமையில் முதலாம் கவசப் பிரிவு அமைக்கப்பட்டது. லீவன், லார்கோ ஆகிய ஊர்களைச் சூழ்ந்து தளபதி சொசபோவ்ஸ்கியின் வான்குடைப் படை பயிற்சி பெற்றது. முன்னது 1944இல் பிரான்சின் ஃபலேசிலும், பின்னது அதே ஆண்டு நெதர்லாந்தின் ஆர்னம் பகுதியிலும் போரிட்டன. எனவே நான்காண்டுகள் வரை ஸ்காட்லாந்தின் சிற்றூர்களே இப்படையினருக்கு வாழிடமாக இருந்தன.

3. தொடர்பு மொழி

பிரான்சிலிருந்து வந்த படையினருள் ஆங்கிலம் அறிந்தோர் சிலரே. மூத்த அலுவலர் பலர் பிரெஞ்சு அறிந்திருந்தமையால், தொடக்கத்தில் இருதரப்பு அலுவலரிடையே பிரெஞ்சு இணைப்புமொழியாகப் பயன்பட்டது. அதாவது இருவருக்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழி, அப்போதுதான் வீழ்ந்த மூன்றாம் நாட்டின் மொழி, இவர்களை இணைத்தது. ஆனால் கடைவீதியிலும் வீட்டு முற்றத்திலும் பிரெஞ்சு பயன்படவில்லை. அங்கு ஆங்கிலம் கற்க வேண்டியதாயிற்று.

இங்கு ஒரு மொழியியல் சிக்கல் எழுந்தது. பாடநூல் கற்பித்தது தென் இங்கிலாந்தின் தகுமொழி. காதில் விழுந்ததோ ஸ்காட்டிஷ் பேச்சு. 'அறிதல்' என்பதற்குக் 'கென்' என்றும், 'குழந்தை' என்பதற்குப் 'பேர்ன்' என்றும், 'சிறிய' என்பதற்கு 'வீ' என்றும், 'ஆம்' என்பதற்கு 'அய்' என்றும் ஃபைஃப் மக்கள் வழங்கினர். எழுத்துத் தமிழை மட்டும் கற்று நம்மிடையே வரும் அயலார் பேச்சுத் தமிழைக் கேட்டுத் திகைப்பதை அறிந்தோர்க்கு இந்நிலை விளங்காமற் போகாது. ஒரு மொழியைக் கற்கும் முயற்சியில் இருவேறு மொழிவழக்குகளை ஒருங்கே எதிர்கொள்ள நேர்ந்தது எனலாம்.

மரியாதை வழக்கிலும் இடர்ப்பாடு இருந்தது. போலிஷ் மொழியில் அறிமுகமில்லாதவரை முன்னிலைப் பெயரால் விளிப்பது பண்பாகாது. ஆடவரைப் 'பான்' என்றும் பெண்டிரைப் 'பானி' என்றும் குறித்து, வினையைப் படர்க்கையில் வைத்தே பேசுதல் மரபு. 'ஐயா வருகிறாரா?' என்று எதிரே நிற்பவரிடமே கேட்பது போன்றது அது. அம்மரபில் வளர்ந்தவர்க்கு, தளபதியையும் பால்காரரையும் சிறுவனையும் ஒரே முன்னிலைச் சொல்லால் குறிக்கும் ஆங்கிலம் வறிதாகத் தோன்றியிருத்தல் இயல்பே. நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படிநிலை கொண்ட தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கு மொழிபெயர்ப்போரும் நாள்தோறும் காணும் இழப்பு இது.

சொற்கொடை இருவழியிலும் நிகழ்ந்தது. லார்கோ மாளிகையின் தோட்டத்தில் வான்குடை வீரர்கள் ஏறியும் தாவியும் பயின்ற இடத்தை அவர்கள் 'குரங்குத் தோப்பு' என்று போலிஷில் அழைத்தனர். அதன் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பே ஆங்கில வழக்கிலும் நிலைபெற்றது. சிகோர்ஸ்கியின் எதிர்ப்பாளராகக் கருதப்பட்ட அலுவலர்கள் அனுப்பப்பட்ட பியூட் தீவுக்குப் படையினரிடையே 'பாம்புத் தீவு' என்ற பெயர் வழங்கிற்று. இவ்விடப்பெயருள் முன்னதில் தோழமையும் பின்னதில் உட்பகையும் பதிந்துள்ளன.

கல்வித்துறையில் இருமொழியம் நிறுவன வடிவம் பெற்றது. 1941 மார்ச்சில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் போலந்து மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. போலந்தில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டிருந்த காலத்தில், போலந்துப் பேராசிரியர்கள் போலிஷிலும் எடின்பரோ பேராசிரியர்கள் ஆங்கிலத்திலும் அங்குப் பாடம் நடத்தினர். 1949இல் மூடப்படும்வரை 336 மாணவர் அதில் சேர்ந்தனர். 227 பேர் பட்டம் பெற்றனர். தாய்மொழி வழி உயர்கல்வி அயல்மண்ணிலும் இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

4. பெயரும் எழுத்தும்

போலிஷ் நெடுங்கணக்கில், இலத்தீன் எழுத்தோடு குறிகள் சேர்ந்த ஒன்பது எழுத்துகள் உள்ளன. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியிலும் அச்சுக்கூடத்திலும் அவை இல்லை. எனவே பதிவேட்டில் ஏறியபோதே படைவீரரின் பெயர் குறி இழந்தது. குறி இழந்தபோதே ஒலியும் மாறிற்று. சிகோர்ஸ்கியின் முதற்பெயர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதலெழுத்து, உதடும் பல்லும் பொருந்தப் பிறக்கும் வகரம். குறுக்குக்கோடிட்ட அடுத்த எழுத்து, இதழ் குவிந்து பிறக்கும் வகரம். இறுதியில் மீண்டும் வரும் முதலெழுத்தோ அங்கு ஒலிப்பிழந்து 'ஃப்' ஆகிறது. 'வ்வதிஸ்வாஃப்' என்பது அப்பெயரின் ஒலிப்புக்கு அணித்தான தமிழ் வடிவம். ஆங்கிலத்தார் எழுத்தை நோக்கி வேறாக ஒலித்தனர். நாமோ 'விளாடிஸ்லாவ்' என எழுதுகிறோம். தமிழின் ஒரே வகரம் அம்மொழியின் இரு ஒலியன்களையும் தன்னுள் அடக்கிவிடுகிறது என்பதை ஒலிபெயர்ப்போர் நினைவிற் கொள்ளல் வேண்டும். படையினரோடு வந்து, 1947இல் எடின்பரோ விலங்குக் காட்சிச்சாலையைச் சேர்ந்து, 1963இல் இறந்த 'வொய்தெக்' என்ற கரடியின் பெயர்கூட ஆங்கிலத்தில் இருவேறு முதலெழுத்துகளோடு எழுதப்படுகிறது.

பெயரின் இலக்கணமும் மாறியது. போலிஷில் 'கோவால்ஸ்கி' என்பாரின் மனைவி 'கோவால்ஸ்கா' ஆவார். ஈறு பால் காட்டும். போர்க்காலத்தில் போலந்து வீரரை மணந்த ஸ்காட்லாந்துப் பெண்டிரோ, ஆங்கிலப் பதிவு முறைப்படி, கணவரின் ஆண்பால் ஈற்றையே ஏற்றனர். அவர்களின் மகளிரும் அவ்வாறே. போலிஷ் செவிக்கு இது இலக்கண வழு. ஸ்காட்லாந்துப் பதிவாளருக்கோ இதுவே முறை. குடும்பங்கள் இரண்டும் கலந்ததன் சுவடு ஒரே ஈற்றில் தங்கியுள்ளது.

5. 'நாம்' என்பதன் எல்லை

'நமது விடுதலைக்கும் உமது விடுதலைக்குமாக' என்று பொருள்படும் முழக்கம் 1831ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலம் முதல் போலந்தியரிடையே வழங்கி வருவது. இரண்டாம் உலகப் போரில் அது புதுப்பொருள் பெற்றது. இதனைத் தமிழாக்கும்போது ஒரு தேர்வு தவிர்க்க இயலாததாகிறது. போலிஷில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழிலோ கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என இரண்டு உண்டு. 'உமது' எனத் தனியே வருவதால் இலக்கணம் 'எங்கள்' என்பதையே வேண்டுகிறது. முழக்கத்தின் கருத்தோ இரு விடுதலையும் ஒன்றே என்பதாதலின் 'நம்' என்பதை நாடுகிறது. மேலே 'நமது' என்று எழுதியது கருத்தைப் பற்றியே. இலக்கணம் பற்றிப் பெயர்ப்பின் 'எங்கள்' என்பதே சரி.

இவ்வேறுபாடு வெறும் இலக்கணச் செய்தியன்று. 1941இல் ஃபைஃப் கடற்கரையைக் காத்த வீரனை ஊரார் 'நம்முள்' ஒருவனாகவே கொண்டனர். 'வீட்டில் விருந்தினர், வீட்டில் இறைவன்' என்ற பழமொழியை வழங்கிய மக்கள் அப்போது தாமே விருந்தினராக இருந்தனர். அவர்களைப் பற்றிப் புருஷின்ஸ்கி 1941இல் வெளியிட்ட நூலுக்குப் 'போலந்துப் படையெடுப்பு' என்றே தலைப்பு. படையெடுப்பைத் தடுக்க வந்தவர்கள் தம் வருகையையே அவ்வாறு நகையாடிக் கொண்டனர்.

ஆயினும் படையினுள்ளேயே 'நாம்' முழுமையானதாக இல்லை என்பதையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. யூத வெறுப்பைத் தாங்க இயலாது, 1944இன் தொடக்கத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட யூத வீரர்கள் தம் முகாம்களை விட்டு வெளியேறி, பிரிட்டன் படையில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினர். இறுதியில் வெளியேறியோர் மீது படைநீதிமன்ற நடவடிக்கை எடுக்கப்பட்டது. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இது விவாதிக்கவும் பட்டது. உளப்படுத்தும் பன்மை யாரை உளப்படுத்தவில்லை என்பதும் வரலாற்றாசிரியரின் வினாவே.

6. 'மீள்குடியமர்த்தம்': சொல்லும் சட்டமும்

1945 பிப்ரவரியில் யால்டாவில் போலந்தின் எதிர்காலம் முடிவு செய்யப்பட்டது. கிழக்குப் போலந்து சோவியத் ஒன்றியத்தின் பகுதியாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் பிரிட்டன் வார்சா அரசை ஏற்று, இலண்டனில் இருந்த போலந்து அரசுக்கு வழங்கிய ஏற்பை விலக்கிக்கொண்டது. போர் முடிந்தது, திரும்பிச் செல்லும் வீடோ எல்லைக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது.

1946 மார்ச்சில் அயலுறவு அமைச்சர் பெவின், தாயகம் திரும்புமாறு வீரர்களை வேண்டும் அறிக்கையைப் போலிஷ் மொழிபெயர்ப்போடு வழங்கச் செய்தார். படை முழுவதையும் நோக்கி, அதன் தாய்மொழியிலேயே, ஓர் அயல் அரசு விடுத்த செய்தி 'செல்க' என்பதாக இருந்தது. ஸ்காட்லாந்திலும் குரல் மாறிற்று. வேலையும் வீடும் அரிதான நிலையில் தொழிற்சங்கத்தார் சிலரும், கத்தோலிக்கரை விரும்பாத சமயக் குழுவினரும் போலந்தியர் வெளியேற வேண்டும் என்றனர். ஐந்தாண்டுகளுக்கு முன் விருந்தினர் எனப்பட்டோர் இப்போது அயலார் எனப்பட்டனர்.

திரும்ப மறுத்தோர்க்காக 1946இல் ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர். 1947இல் இதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆங்கிலத்தில் அவ்வமைப்பின் பெயர் 'போலந்து மீள்குடியமர்த்தப் படை' எனப் பொருள்படும். அதன் போலிஷ் பெயரோ 'ஆயத்தப்படுத்தலுக்கும் பகிர்ந்தமர்த்தலுக்குமான போலந்துப் படை' என்பதாகும். ஆங்கிலத்தின் ஒரு சொல் போலிஷில் இரண்டாகப் பிரிந்துள்ளது. குடியமர்தல், வீடு என்னும் கருத்துகள் அவ்விரண்டில் ஒன்றிலும் இல்லை. ஆயத்தப்படுத்தலைக் குறிக்கும் சொல் போலிஷ் சட்டவழக்கில் மகவேற்பையும் குறிக்கும் என்பது நோக்கத்தக்கது. ஒரே ஆவணத்தை ஆங்கிலத்தில் படித்தவர் புதுவாழ்வின் உறுதியையும், போலிஷில் படித்தவர் தொழிற்பயிற்சியையும் ஆள்பங்கீட்டையும் கண்டனர். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை; ஆயினும் இரு வாக்குறுதிகள் பிறந்துவிட்டன.

1946 செப்டம்பரில் வார்சா அரசு உயர் அலுவலர் பலரின் குடியுரிமையைப் பறித்தது. அவர்களுள் மாச்செக்கும் ஒருவர். நெதர்லாந்தின் பிரெடா நகரை விடுவித்த அத்தளபதி பின்னர் எடின்பரோவில் ஒரு விடுதியில் மது பரிமாறும் பணி செய்து வாழ்ந்தார். 1994இல், தம் 102ஆம் வயதில் மறைந்தார். எடின்பரோவில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது 2018ஆம் ஆண்டில்தான்.

7. பெயர்த்தற்கரிய ஒரு சொல்

நாடு திரும்பாத போலந்தியர் தம்மை 'எமிக்ராத்ஸ்யா' என்று குறித்தனர். இலத்தீன் வேரிலிருந்து பிறந்த அச்சொல்லை 'குடியேறிகள்' என எளிதில் பெயர்த்துவிடலாம். ஆனால் போலிஷில் அதன் பொருள் வேறு. 1831ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பின் பாரிசில் தங்கி, அங்கிருந்தே நாட்டின் அரசியலையும் இலக்கியத்தையும் காத்த தலைமுறையினரை அம்மொழி 'பேர் எமிக்ராத்ஸ்யா' என்றே வழங்குகிறது. ஆகவே அச்சொல் பிழைப்பு நாடிச் சென்றதை மட்டும் உணர்த்தாது. நாட்டையே உடன் எடுத்துச் சென்றதையும் உணர்த்தும். ஆங்கிலத்தில் இவர்களைக் குடியேறிகள் என்று பெயர்த்தபோது, அரசியல் மறுப்பு என்ற பொருள் நழுவி, வேலைதேடி வந்தோர் என்ற பொருள் நின்றது. 'வேலையைப் பறிக்க வந்தவர்' என்ற வசைக்கு அப்பெயர்ப்பு இடமளித்தது எனலாம்.

தமிழில் அகதி, ஏதிலி, நாடுகடத்தப்பட்டோர், புலம்பெயர்ந்தோர் எனப் பல சொற்கள் உள. அகதி போக்கிடமின்மையையும், ஏதிலி உறவின்மையையும் குறிக்கும். நாடுகடத்தப்பட்டோர் என்பது பிறர் செயலை உணர்த்தும். இவற்றுள் 'புலம்பெயர்ந்தோர்' என்பதே 'எமிக்ராத்ஸ்யா'வுக்கு அணித்தானது. ஈழத்தமிழரின் வாழ்வு கடந்த பல ஆண்டுகளில் அச்சொல்லுக்கு அரசியல் நினைவையும் ஏற்றியிருப்பதே காரணம். ஆயினும் போலிஷ் சொல் குறிக்கும் 'வேற்றுநாட்டில் இயங்கும் அரசு' என்ற கூறு அதில் இல்லை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, போர்க்கால மொழித்தொடர்பு அரண்மனை ஆவணங்களில் அன்றி, கடைவீதி, பதிவேடு, இடப்பெயர் ஆகியவற்றிலேயே மிகுதியும் தடம் பதிக்கிறது. இரண்டாவது, ஒரு மக்கள்திரளைக் குறிக்கும் சொல்லின் பெயர்ப்பு அவர்களின் நிலையையே மாற்றவல்லது. மூன்றாவது, இவ்வாய்வு நமக்கும் அணித்தானது. கோலாப்பூரை அடுத்த வளிவாடே முகாமிலும் ஜாம்நகரை அடுத்த பாலாச்சடியிலும் இதே போரின்போது போலந்தியர் ஆயிரக்கணக்கில் தங்கியிருந்தனர். மராத்தி, குஜராத்தி மொழிச் சூழல்களில் நிகழ்ந்த தொடர்பு மொழியியல் நோக்கில் விரிவாக ஆராயத்தக்கது. ஸ்காட்லாந்தில் விருந்தினர், வீரர், குடியேறி எனப் பெயர் மாறியபோதெல்லாம், பெயர் பெற்ற மனிதர் மாறவில்லை. எந்தச் சொல்லைத் தேர்கிறோம் என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் விடைசொல்லக் கடமைப்பட்டவர்.