பண்பாட்டுத் தொழில்துறை

பண்பாட்டுத் தொழில்துறை என்பது ஒரு சமூகவியல் கருத்தாக்கம். முதலாளித்துவச் சமூகத்தில் திரைப்படம், வானொலி, இசைத்தட்டு, வார இதழ் போன்றவை ஆலைச் சரக்குகளைப் போல உற்பத்தியாகின்றன என்றும், அவை நுகர்வோரின் சிந்தனையைப் பழக்கப்பட்ட தடத்திலேயே செலுத்துகின்றன என்றும் அது கூறுகிறது. ஜெர்மானிய மெய்யியலாளர்களான மாக்ஸ் ஹோர்க்ஹைமர் (1895–1973), தியோடோர் அடோர்னோ (1903–1969) ஆகிய இருவரும் 1940களில் இதை முன்வைத்தனர். வெகுசன ஊடகங்களுக்கு நடுவே வாழும் ஒருவர் அவற்றை விமரிசன நோக்கோடு அணுக முடியுமா என்ற விவாதத்தில் இது ஒரு முக்கியத் தொடக்கப் புள்ளியாக விளங்குகிறது.

உருவான சூழல்

இருவரும் தொடர்புகொண்டிருந்த, பிராங்க்ஃபர்ட் நகரில் 1923இல் நிறுவப்பட்ட சமூக ஆய்வு நிறுவனத்தை நாஜி அரசு 1933இல் மூடியது. நிறுவனம் ஜெனீவாவுக்கும், பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கும் இடம்பெயர்ந்தது. 1938இல் அமெரிக்கா சென்ற அடோர்னோ, பால் லாசர்ஸ்ஃபெல்ட் நடத்திய பிரின்ஸ்டன் வானொலி ஆய்வுத் திட்டத்தில் இசைப் பகுதியைக் கவனித்தார். நேயர்களின் விருப்பத்தை எண்களாக அளப்பது அவருக்கு உடன்பாடாக இல்லை. அந்த விருப்பத்தையே ஒலிபரப்பு உருவாக்கியிருக்கும்போது, அதை எப்படிச் சான்றாகக் கொள்வது என்பது அவர் எழுப்பிய ஆட்சேபம்.

பின்னர் இருவரும் ஹாலிவுட்டை ஒட்டிய லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் குடியேறி, ‘அறிவொளியின் இயங்கியல்’ நூலை எழுதினர். 1944இல் நகலெடுத்த படிகளாகச் சுற்றுக்கு வந்த இந்நூல், 1947இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகியது. இக்கருத்தாக்கம் அதன் ஓர் இயலில் விரிவாக இடம்பெறுகிறது.

கோட்பாடு

பாடல்களும் படங்களும் ஒரே வார்ப்பில் அமைகின்றன. நடிகர், மெட்டு, கதைத் திருப்பம் ஆகியவற்றில் செய்யப்படும் சிறு மாற்றங்கள் புதுமை என்ற தோற்றத்தைத் தருகின்றன. இதை அடோர்னோ போலித் தனித்தன்மை என்றார். வேலைக் களைப்பிலிருந்து தப்ப நாடும் பொழுதுபோக்கும் வேலையின் தாளத்திலேயே அமைவதால், ஓய்வு நேரம் மறுநாள் உழைப்புக்கான தயாரிப்பாகிவிடுகிறது.

மக்கள் ஏமாளிகள் என்பதே இக்கோட்பாட்டின் சாரம் எனச் சுருக்குவது பிழை. விளம்பரத்தின் சூட்சுமம் தெரிந்த பிறகும் மக்கள் அப்பொருளை வாங்கவே செய்கிறார்கள் என்ற கவனிப்போடுதான் அந்த இயல் முடிகிறது. பொய்யை இனங்காண்பது அதிலிருந்து விடுபடுவதாகிவிடாது என்பதே இதன் கூர்மையான வாதம்.

அடோர்னோவின் பிற்கால நிலை

நெதர்லாந்து இளவரசி பியாட்ரிக்ஸ், ஜெர்மானியத் தூதரக அதிகாரி கிளாஸ் ஃபான் ஆம்ஸ்பெர்க்கை 1966இல் மணந்தார். ஊடகங்கள் பெரிதாகக் கொண்டாடிய இத்திருமணத்தை ஜெர்மானிய மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று, போருக்குப் பின் பிராங்க்ஃபர்ட்டுக்குத் திரும்பியிருந்த சமூக ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. நிகழ்ச்சியை ஆவலோடு பார்த்தவர்களில் பலர், அதன் அரசியல் முக்கியத்துவம் பற்றிக் கேட்டபோது நிதானமாகவும் ஐயத்தோடும் பதிலளித்தனர். நுகர்வோர் முழு நம்பிக்கையோடு நுகர்வதில்லை என்று அடோர்னோ 1969இல் ஆற்றிய உரையில் ஒப்புக்கொண்டு, அதில் சுயசிந்தனைக்கான வாய்ப்பைக் கண்டார். ஆசிரியர்கள் உயர்வகுப்பு மாணவர்களுடன் வணிகப் படங்களைப் பார்த்து, அவற்றின் பித்தலாட்டத்தை எடுத்துக்காட்டலாம் என்றும் அவ்வாண்டு யோசனை கூறினார். அந்த யோசனை வெளியானதும் வானொலி உரையாடல் ஒன்றில்தான்.

எதிர்வாதங்கள்

எலிஹு காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் 1955இல் வெளியிட்ட ஆய்வு, ஊடகச் செய்தி உறவினர், நண்பர் போன்றோரின் பேச்சு வழியாகவே பலரிடம் வேர்கொள்கிறது என்றது. ஜமைக்காவில் பிறந்த பிரித்தானியச் சிந்தனையாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல், தொலைக்காட்சிச் செய்தியைப் பார்வையாளர் அப்படியே ஏற்கலாம், பேரம் பேசி ஏற்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என மூன்று நிலைகளை வகுத்தார். டேவிட் மார்லி 1980இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பி.பி.சி. நிகழ்ச்சியைத் தொழிற்சங்கத்தினர், வங்கி மேலாளர்கள், மாணவர்கள் ஆகியோர் வேறுவேறாக வாசித்ததைக் காட்டினார். அவ்வாசிப்பு வர்க்கத்தைப் பொறுத்து மட்டும் அமையவில்லை. பங்கேற்ற அமைப்புகளும் பழகிய பேச்சுமுறைகளும் அதில் பங்காற்றின. கறுப்பினக் கலைஞர்களின் படைப்பாற்றலைக் கணக்கில் கொள்ளாமல் ஜாஸ் இசையை அடோர்னோ நிராகரித்தார் என்ற கண்டனமும் உண்டு.

எதிர்த்து வாசிப்பதால் ஊடக உடைமை மாறிவிடுவதில்லை என்பது மறுதரப்பின் பதில். எட்வர்ட் ஹெர்மனும் நோம் சோம்ஸ்கியும் 1988இல் எழுதிய நூல், உடைமை, விளம்பர வருவாய், செய்தி மூலங்கள் முதலான ஐந்து வடிகட்டிகள் செய்தியை முன்கூட்டியே வரையறுக்கின்றன என வாதிட்டது.

இன்றைய பொருத்தம்

சமூக ஊடகங்களில் பயனரே தயாரிப்பாளராகவும் இருப்பதால், 1940களின் ஒருவழி ஒலிபரப்புச் சித்திரம் அவற்றுக்கு அப்படியே பொருந்தாது. அதே சமயம், தளத்தைக் கண்டித்து எழுதும் பதிவும் அந்தத் தளத்துக்கு விளம்பர வருவாய் ஈட்டித் தர முடியும். இத்தகைய சூழலில் தனிமனிதரின் கூர்மதி தேவைதான், ஆனால் போதுமானதல்ல. ஐயத்தைப் பகிர்ந்து சோதிக்க வகுப்பறையும், அதைக் கூட்டு நடவடிக்கையாக்கத் தொழிற்சங்கம் போன்ற அமைப்புகளும், விளம்பரத்தை மட்டும் நம்பியிராத ஊடகங்களும் உள்ள இடத்திலேயே விமரிசனச் சிந்தனை நடைமுறை வலிமை பெறுகிறது.