மருந்து அலமாரியின் சாவி

பிறர் நோய் தீர்ப்போருக்கு நோயே வராது என்று நாம் எண்ணுவதில்லை. ஆயினும் அவர்களுக்கு வரும் நோய் குடிப்பழக்கமாகவோ போதை மருந்துப் பழக்கமாகவோ இருந்துவிட்டால், அதை நோயென ஏற்க நம் மனம் தயங்குகிறது. குற்றம் என்றே தீர்ப்பிடுகிறது. இத்தயக்கம் ஒரு நாட்டில் எவ்வாறு மெல்ல மெல்லத் தளர்ந்தது என்பதை அமெரிக்கச் செவிலியர்களின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

அவ்வரலாற்றின் வேர் ஒரு கத்தோலிக்க மருத்துவமனையில் இருக்கிறது. ஒகாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், தூய தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. அயர்லாந்தில் பிறந்த அவர், இசை கற்பிக்கும் பணியில் உடலும் உள்ளமும் தளர்ந்து வீழ்ந்து, பின் எழுந்தவர். அக்காலத்தில் பொது மருத்துவமனைகள் குடிநோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள விரும்புவதில்லை. மருத்துவர் ராபர்ட் ஸ்மித் அவரை நாடி வந்தார். தாமே குடியிலிருந்து மீண்டவர் அவர். 1935-இல் தோன்றிய 'பெயரறியாக் குடிநோயாளர்' இயக்கத்தின் நிறுவனர் இருவருள் ஒருவர். அவர் வேண்டுகோளை ஏற்று, 1939 ஆகஸ்டில் ஒரு குடிநோயாளியைச் சகோதரி சேர்த்துக்கொண்டார். பதிவேட்டில் 'கடும் இரைப்பை அழற்சி' என்றே எழுதப்பட்டது. தனியறை இல்லாமையால், நோயாளிகளுக்கு வரும் மலர்களைச் சீர்செய்யும் சிற்றறையில் அம்மனிதரின் கட்டில் இடப்பட்டது. இரக்கம் அன்று வேறொரு பெயரைச் சூடித்தான் மருத்துவமனைக்குள் நுழைய முடிந்தது.

1956-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிப்பழக்கத்தை நோயென ஏற்றது. 1973-இல் அதே சங்கம் மருத்துவர்களிடையே உள்ள இந்நோயைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியது. ஆனால் செவிலியர்க்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

செவிலியரின் நிலை தனித்தன்மை உடையது. மார்ஃபின், பெத்திடின் போன்ற வலிநீக்கிகள் வைக்கப்படும் அலமாரியின் சாவி அவர்கள் கையில்தான் இருந்தது. இரவுப்பணி, முதுகுவலி, சாவை அன்றாடம் காணும் துயரம் ஆகியவற்றின் நடுவே, முதலில் வலிக்காக எடுத்த மருந்தே சிலருக்குப் பின்னர் தளையாயிற்று. நோயாளிக்குரிய மருந்தில் ஒரு பங்கைத் தமக்கென எடுத்துக்கொண்டோரும் உண்டு. அவ்வாறு நிகழும்போது, படுக்கையில் கிடப்பவர் தம் வலி ஏன் தணியவில்லை என்று அறியாமலே துடிக்கிறார். இதை மறைத்துவிட்டு இரக்கம் பேசுவது நேர்மையன்று.

ஆனால் தண்டனை மட்டுமே இருந்த காலத்தில் அந்நோயாளியும் காக்கப்படவில்லை. அகப்பட்டவர் வேலையை இழந்தார்; பலர் உரிமத்தையும் இழந்தனர். சிலர் காரணம் சொல்லப்படாமல் விலக்கப்பட்டு, வேறொரு மருத்துவமனையில் அதே நோயோடு பணியில் சேர்ந்தனர். உடன் பணியாற்றியவர்களோ, தோழியின் வாழ்வைக் குலைக்க மனமின்றி வாய்மூடி இருந்தனர். உண்மையைச் சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற நிலையில் உண்மை வெளிவருவது அரிது.

1982-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் பேராளர் அவை, இத்தகையோர்க்குத் தண்டனைக்கு முன் சிகிச்சை அளிக்கப்பட வேண்டுமெனத் தீர்மானம் இயற்றியது. 1983-இல் ஃபுளோரிடா மாநிலம் அந்நாட்டிலேயே முதன்முதலாகச் செவிலியர்க்கென இடையீட்டுத் திட்டம் ஒன்றைச் சட்டத்தின் வழி ஏற்படுத்தியது. 1985-இல் கலிபோர்னியாவும் தன் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் பெரும்பாலான மாநிலங்கள் இவ்வழியைப் பின்பற்றின.

இத்திட்டங்களின் நடைமுறை எளிதன்று. செவிலியர் உடனே பணியினின்று விலகிச் சிகிச்சை பெற வேண்டும். பின்னர் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். எந்நாள் என்று அறியாத சிறுநீர்ச் சோதனை, குழுக்கூட்டங்கள், பணியிடத்தில் ஒரு கண்காணிப்பாளர் ஆகியவை அதில் அடங்கும். பணிக்குத் திரும்பிய தொடக்க மாதங்களில் போதைதரும் மருந்துகளைத் தொடும் உரிமை அவர்க்கு இராது. அலமாரியின் சாவி பிறர் கையில் இருக்கும். ஒப்பந்தத்தைக் காத்தால் அவர் உரிமம் காக்கப்படும். மீறினால் செய்தி அரசுக்குச் செல்லும்.

குறைகளும் உள்ளன. வேலையிழந்து நிற்பவரே பல இடங்களில் சோதனைச் செலவை ஏற்க வேண்டியுள்ளது. 2022 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை, இந்தியானா மாநிலச் செவிலியர் வாரியம் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தை மீறியதெனக் கண்டது. போதைநோய்க்கென மருத்துவர் எழுதித்தந்த மருந்தை உட்கொண்டுவந்த ஒரு செவிலியர்க்கு, அம்மருந்தைக் கைவிட்டாலன்றித் திட்டத்தில் இடமில்லை எனப்பட்டதே காரணம். நோயென வாயால் ஏற்றபின்னும் அதன் மருந்தை மறுக்கும் மனம் எஞ்சி நிற்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

சகோதரி இக்னேஷியாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. நலம்பெற்று வீடு திரும்புவோர் ஒவ்வொருவர்க்கும் திருஇருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க நேர்ந்தால், முதல் கிண்ணத்தைத் தொடுமுன் இதைத் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும் என்பார். அதில் நம்பிக்கை இருந்தது. கணக்குக் கேட்பதும் இருந்தது. நல்ல கண்காணிப்புத் திட்டமும் இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டிருக்க வேண்டும். கணக்கு இல்லாத நம்பிக்கை நோயாளியைக் கைவிடும். நம்பிக்கை இல்லாத கணக்கு செவிலியரைக் கைவிடும்.

கட்டுப்பாட்டுக் காலம் முடிந்து, அலமாரிச் சாவியை ஒரு செவிலியர் மீண்டும் பெறும் நாளில் விழா எதுவும் நடப்பதில்லை. பணிமுறை மாறும்போது மருந்துகளை இருவர் எண்ணிப் பார்க்கின்றனர், கணக்குச் சரியாயிருக்கிறது. நம் இல்லத்திலோ பங்கிலோ வீழ்ந்து எழுந்த ஒருவர் இருப்பின், அவர் கையில் நாம் எந்தச் சாவியை இன்னும் தராமல் வைத்திருக்கிறோம் என எண்ணிப் பார்ப்போம்.